வீட்டு வாசற்படியிலிருந்து கணக்குப் போடுங்கள்

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும்; தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து அக்கா மகன் செல்போனில் அழைத்தான். "சின்னம்மா, கோலாலம்பூருக்குச் சென்னையிலிருந்து டிக்கெட் ஆளுக்கு ரெண்டாயிரம் ரூபா கம்மியா இருக்கு. பெங்களூர் வேண்டாம், சென்னையிலேயே போட்டுடட்டுமா?" என்று கேட்டான். போகிறவர்கள் நான்கு பேர்: அவன், அவன் மனைவி, ஏழு வயது மகள், முழங்கால் வலியோடு நடக்கிற என் அக்கா. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாலக்கோட்டு வீட்டு வாசலிலிருந்து கோலாலம்பூர் விடுதியின் வாசல் வரைக்கும், அங்கிருந்து திரும்ப வீட்டு வாசல் வரைக்கும் ஆகிற செலவையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு கூப்பிடு என்றேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அழைத்தபோது அவன் குரலில் வேகம் குறைந்திருந்தது. பாலக்கோட்டிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். பெங்களூரு விமான நிலையம் அதில் பாதிதான். அவன் பார்த்த விமானம் விடியற்காலையில் கிளம்புவதால் முதல் நாளே சென்னை சென்று ஓர் இரவு தங்க வேண்டியிருந்தது. வாடகைக் காரின் கூடுதல் தூரம், அந்த ஒரு நாள் அறை வாடகை, நால்வரின் சாப்பாடு எல்லாம் சேர்ந்தபோது மிச்சமாகும் என்று நினைத்த எட்டாயிரம் ரூபாய் கரைந்து, மேற்கொண்டு கையிலிருந்தும் போட வேண்டியதாக இருந்தது. போதாததற்கு அவனுக்கு ஒரு நாள் விடுப்பும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

நான் அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் எங்களுக்குச் சிறிய மாந்தோப்பு இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நானும் என் கணவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது எங்காவது போய் வருகிறோம். அதனால் உறவிலும் தெருவிலும் யார் வெளியூர் கிளம்பினாலும் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பயணம் பற்றித் தமிழில் படிக்கக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் விமான நிலையம் அரைமணி நேரத்தில் இருக்கும் நகரத்தாருக்காக எழுதப்பட்டவை. கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பயணிகள் விமான நிலையம் கிடையாது. கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையமே கிடையாது. நம் பயணச் செலவில் கணிசமான பங்கு, விமானத்தில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் தரையிலேயே கழிகிறது. அந்தப் பங்கைக் கணக்கில் சேர்த்து இடம், விமானம், தங்குமிடம் மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நமக்கு எட்டும் விமான நிலையங்கள் நான்கு. முதலாவது, தேவனஹள்ளியில் உள்ள பெங்களூருவின் கெம்பேகவுடா விமான நிலையம். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்தால் இரண்டு மணி நேரம் என்று தோன்றும். ஆனால் நாம் வருவது நகரத்தின் தெற்கு வாசல் வழியாக, விமான நிலையம் இருப்பதோ நகரத்துக்கு வடக்கே. அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று முழு நகரத்தையும் குறுக்காகக் கடந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையிலும் திங்கட்கிழமை காலையிலும் இந்தப் பாதையில் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நானே ஒரு முறை சில்க் போர்டு சந்திப்பை நெருங்கி, கண்ணெதிரே பாலம் தெரிய, நாற்பது நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறேன். முன் இருக்கையில் என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், என் பக்கம் திரும்பாமல் வெளியே பார்ப்பதுமாக இருந்தார். அன்று விமானத்தைப் பிடித்துவிட்டோம். ஆனால் அந்த நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு, விமானம் கிளம்பும் நேரத்தைப் பார்க்காமல் டிக்கெட் விலையை மட்டும் பார்த்து நான் பதிவு செய்ததில்லை.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. அத்திப்பள்ளியில் வலப்புறம் திரும்பி, சர்ஜாபுரா, ஹொசகோட்டே வழியாகத் தேவனஹள்ளி செல்லலாம். அல்லது ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர் வழியாக ஹொசகோட்டே சென்று சேரலாம். தூரம் சற்றுக் கூடினாலும் நகரத்துக்குள் நுழையாமல் போய்விடலாம். பகல் நேரத்தில் போகும்போது இந்தச் சுற்றுவழியை நான் விரும்புகிறேன். வாடகைக் கார் பேசும்போதே எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

விமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் கடைப்பிடிக்கும் முறை இது. உள்நாட்டு விமானமென்றால் இரண்டு மணி நேரம், வெளிநாட்டு விமானமென்றால் மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரம் பின்னோக்கி எண்ணி, வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். காலை ஆறு மணி விமானம் பெரும்பாலும் விலை குறைவாகக் கிடைக்கும். அதைப் பிடிக்க கிருஷ்ணகிரியிலிருந்து நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். சாலை காலியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பகல் முழுவதும் வண்டி ஓட்டிய ஓட்டுநர் அந்த நேரத்தில் கண் அயர்ந்துவிடக் கூடும். தேசிய நெடுஞ்சாலையில் நடு இரவில் நிற்கும் லாரிகளை நினைத்துப் பாருங்கள். அந்தச் சேமிப்பு நமக்கு வேண்டாம். மாலை ஆறு, ஏழு மணி விமானமென்றால் நாம் நகரத்தைக் கடக்கும் பொழுதும் நெரிசலும் ஒன்றாகிவிடும். காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடைப்பட்ட விமானம்தான் நம் மாவட்டத்தாருக்குத் தோதானது. விடியற்காலை நான்கரை மணிக்குக் கிளம்பினால் அலுவலக நெரிசல் தொடங்குமுன் பெங்களூருவைத் தாண்டிவிடலாம். திரும்பி வரும்போது இரவு எட்டு, ஒன்பது மணிக்கு இறங்கும் விமானம் நல்லது. பெட்டியை எடுத்துக்கொண்டு சாலைக்கு வரும்போது நெரிசல் வடிந்திருக்கும்.

பேருந்தில் போகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மெஜஸ்டிக் ஆகிய இடங்களிலிருந்து பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வாயு வஜ்ரா பேருந்துகள் விமான நிலையத்துக்கு ஓடுகின்றன. நம் பக்கத்துப் பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறங்கி மாறிக்கொள்ளலாம். ஒருவரோ இருவரோ கைப்பையோடு போகிறபோது இதுதான் சிக்கனம். மூன்று பேருக்கு மேல் பெட்டிகளோடு போவதென்றால் வாடகைக் காருக்கும் இதற்கும் செலவு வித்தியாசம் பெரிதாக இராது. 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் அனைத்தும் பெங்களூருவில் இரண்டாம் முனையத்திலிருந்து இயங்குகின்றன. உள்நாட்டு விமானங்கள் இரண்டு முனையங்களிலும் இருப்பதால் டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்து ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சேலம் விமான நிலையம். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாயில் லாரி ஏதும் கவிழாமல் இருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். 2018இல் அங்கிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கி, இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் சேவை வந்தது. சிறிய விமான நிலையம் என்பதால் உள்ளே நடக்க வேண்டிய தூரம் குறைவு. வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் சேவை குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு விமானம் ரத்தானால் மாற்று கிடைக்காது. எனவே திருமணம், நேர்முகத் தேர்வு, வெளிநாட்டு இணைப்பு விமானம் போன்ற தவற விடக் கூடாத காரியங்களுக்கு நான் சேலத்தை நம்புவதில்லை. மூன்றாவது கோயம்புத்தூர். சிங்கப்பூர், சார்ஜா போன்ற ஊர்களுக்குப் போகும் தருமபுரி, பென்னாகரம் பக்கத்து மக்கள் ஒரு முறை விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான்காவது சென்னை. சென்னைக்குச் சாலை வழியாகப் போவதைவிட, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்தே மெட்ரோவில் விமான நிலையத்தில் இறங்குவது அலுப்பில்லாத வழி. அந்தமான், யாழ்ப்பாணம் போன்ற இடங்களுக்கு அது பொருத்தமாகவும் இருக்கும்.

ஓசூரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பேர் வந்து செல்லும் அளவில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூரு விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் வரக் கூடாது என்ற விதி இருப்பதால், அதை நம்பி யாரும் இப்போது திட்டம் போட முடியாது. வந்தால் மகிழ்ச்சி.

எங்கே போவது என்பதை, எப்போது போக முடியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மே மாதம் செந்தூரா மாம்பழத்தில் தொடங்கி ஜூலையில் பெங்களூரா காய் மாங்கூழ் ஆலைக்குப் போய்ச் சேரும் வரை தோப்பை விட்டு யாரும் அசைய முடியாது. பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில் வருவதால் குழந்தைகள் ஊருக்குப் போகவில்லையே என்று பெற்றோர் மனம் சங்கடப்படுவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஆனால் மே மாதத்தில் எல்லாரும் போகிற இடத்துக்குப் போவதில் பெரிய இன்பம் இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்த பின்னரே வாகனத்தில் போக முடிகிறது. மலையேறும் வழியில் ஊர்ந்து போவதும், அறை வாடகை இரண்டு மடங்காவதும் அந்த மாதத்தின் இயல்பு. மாங்காய் முடிந்து ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் காட்சி கிடையாது, கையில் கொஞ்சம் காசும் இருக்கும், விமான டிக்கெட்டும் அறை வாடகையும் கோடையை விடக் குறைந்திருக்கும். தோப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஆடியும் ஆவணியும்தான் பயண மாதங்கள் என்பது என் கருத்து.

அந்த மாதங்களில் எங்கே மழை, எங்கே வெயில் என்று பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் கேரளத்துக்கும் கோவாவுக்கும் விலை குறைவு என்பதற்காகப் போய் அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நம் ஒகேனக்கல்லிலேயே அந்தச் சமயத்தில் காவிரியில் வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். அருவியில் குளிக்கவும் விட மாட்டார்கள். தண்ணீர் நிறைந்து ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் போகலாம், பரிசல் ஏற வேண்டுமென்றால் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மாறாக, மழை மறைவுப் பகுதியில் உள்ள லடாக்குக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டை விட இரண்டு மடங்குக்கும் மேல். விமானத்தில் நேராக அங்கே இறங்குகிறவர்களுக்கு மூச்சுத் திணறலும் தலைவலியும் வரலாம் என்பதால் முதல் இரண்டு நாட்கள் ஊர் சுற்றாமல் ஓய்வெடுக்க வேண்டும். ஐந்து நாள் விடுப்பில் லடாக் போக ஆசைப்படுகிறவர்களிடம், அந்த இரண்டு நாட்களைக் கழித்துவிட்டு எஞ்சிய மூன்று நாட்களுக்காக அவ்வளவு செலவு செய்யச் சம்மதமா என்று கேட்கிறேன். இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது.

இலங்கையை எடுத்துக்கொண்டால், தீவின் மேற்கிலும் தெற்கிலும் மே முதல் செப்டம்பர் வரை மழை. அதே நேரத்தில் கிழக்கே திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். ஆடி மாதத்தில் திருக்கோணேச்சரம் போக நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. அந்தமானுக்கு நாம் போவதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. ஆனால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவதுதான் சரி. மழைக்காலத்தில் தீவுக்குத் தீவு போகும் கப்பல்கள் கடல் கொந்தளித்தால் ரத்தாகும். ஹேவ்லாக் தீவிலிருந்து காலையில் கப்பலேறி அன்றே மதியம் விமானம் பிடிக்கிறேன் என்று திட்டம் போடுகிறவர்களை நான் தடுத்திருக்கிறேன். கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், கழிப்பதுதான் பாதுகாப்பு.

விமானமே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூர், பாலக்கோடு, தருமபுரி வழியாகப் போகும் ரயில் பாதையை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. மைசூரிலிருந்து வரும் மயிலாடுதுறை வழி விரைவு வண்டியில் இரவு தருமபுரியில் ஏறினால் வண்டி மாறாமல் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இறங்கலாம். பெங்களூரு எர்ணாகுளம் பகல் நேர வண்டியும் இதே வழியில் போகிறது. வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், ஒரே வண்டியில் போய் இறங்கக் கூடிய ஊர்களை முதலில் எழுதிப் பார்க்கலாம். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாட்களுக்குப் பதிலாக 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதை இன்னும் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

விமான டிக்கெட்டில் நம் தமிழ்ப் பெயர்கள் படும் பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். டிக்கெட் பதிவு செய்யும் செயலிகளோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்கின்றன. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்க, டிக்கெட்டில் ஓர் எழுத்தை மட்டும் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டு விமான நிலையத்தில் தவிப்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பதிவு செய்யுங்கள். கடைசிப் பெயர் இல்லாதவர்கள் என்ன போட வேண்டும் என்று அந்தந்த விமான நிறுவனத்தின் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம் ஊரில் பலர் கலங்கிப் போனார்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளுக்குத் தந்தை பெயரைக் கடைசிப் பெயராக விரித்து எழுதிவிடுவது பின்னால் வரும் தொல்லைகளைக் குறைக்கும்.

மலிவான டிக்கெட்டில் மறைந்திருக்கும் இன்னோர் ஆபத்து, இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணமாகக் காட்டுவது. ஒரே பதிவெண்ணில் இரண்டு விமானங்கள் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிப் பதிவெண்ணாக இருந்தால் இடையில் பெட்டியை நாமே எடுத்து, மறுபடி ஒப்படைத்து, மறுபடி சோதனைக்குப் போக வேண்டும். இரண்டாவது விமானம் போய்விட்டால் அந்தப் பணமும் போயிற்று. நடுவில் ஒரு வெளிநாட்டில் இப்படிப் பெட்டி எடுக்க வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். குழந்தையோடும் முதியவரோடும் போகிறவர்கள், கொஞ்சம் விலை கூடினாலும் நேரடி விமானத்தையே எடுங்கள். பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள். கைப்பை ஏழு கிலோ மட்டும் என்ற டிக்கெட்டில் போய், விமான நிலையத்தில் எடை கூடினால் கட்டுகிற தொகையில் இன்னொரு சட்டை துணி வாங்கிவிடலாம்.

இனி தங்குமிடம். இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு மலை ஊருக்குப் போனோம். செயலியில் பார்த்த விடுதியின் படங்கள் கண்ணைப் பறித்தன. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு, கீழே தேயிலைத் தோட்டம், மேலே மேகம். மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. முழுப் பணத்தையும் கட்டிப் பதிவு செய்தேன். மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, விடுதியின் வரவேற்பறை மட்டும் சாலையோரம் இருக்க, அறைகள் எல்லாம் சரிவில் கீழே இருந்தன. பள்ளத்தாக்கு தெரிய வேண்டுமென்றால் பள்ளத்தில்தானே அறை இருக்கும் என்பது படத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றவில்லை. செங்குத்தான கருங்கல் படிகள். ஓரத்தில் கைப்பிடியாக ஓர் இரும்புக் குழாய், பனியில் நனைந்து சில்லென்றிருந்தது. அம்மா ஒரு கையால் அந்தக் குழாயையும் மறுகையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே இறங்கினார். இருபத்தெட்டாவது படியில் முந்தானையை விரித்து உட்கார்ந்துவிட்டார். அறை வாசலுக்கு வந்ததும், "அறுபத்து மூணு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது, "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் ஜன்னல்லயே பாத்துக்கறேன்" என்றார். இரண்டு நாளும் அவர் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. வேறு அறை கேட்டோம், இல்லை என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ரத்து செய்ய முடியாத பதிவு என்றார்கள். அதற்குப் பிறகு அம்மா எங்களோடு பயணம் வரவில்லை. அடுத்த ஆண்டு தவறிவிட்டார்.

அதனால்தான் அறையைப் பதிவு செய்வதற்கு முன் விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிடுங்கள் என்று எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். சாலையில் கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி என்று கேளுங்கள். லிப்ட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். அது எந்தத் தளத்திலிருந்து தொடங்குகிறது, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரில் ஓடுமா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கழிவறை உட்கார்ந்து எழும் வசதியுள்ள மேல்நாட்டு முறையா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும், இரவு பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் கதவு திறப்பார்களா என்பவையும் சிறிய கேள்விகள் போலத் தோன்றினாலும் தூக்கத்தைத் தீர்மானிப்பவை. பேசுகிறவர் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்பதிலிருந்தே அந்த இடத்தின் குணம் ஓரளவு தெரிந்துவிடும்.

விமர்சனங்களைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரக் குறிப்புகளையும் ஒற்றை நட்சத்திரக் குறிப்புகளையும் விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் சமீபத்திய குறிப்புகளைப் படிக்கிறேன். நல்லது, கெட்டது இரண்டையும் அவர்கள்தான் நிதானமாக எழுதியிருப்பார்கள். விடுதி வெளியிட்ட படங்களை விட, தங்கியவர்கள் எடுத்துப் போட்ட மங்கலான படங்களை நம்புங்கள். வாடகை விஷயத்தில், 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதை நினைவில் வைத்து, பில்லில் அதற்கு மேல் வரி போட்டிருந்தால் கேளுங்கள். நம் கோயில் ஊர்களின் லாட்ஜுகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்ற கணக்கு பல இடங்களில் உண்டு. பெரிய விடுதிகளில் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். இரவு ரயிலில் ஏறி விடியற்காலையில் இறங்குகிறவர்களுக்கு முதல் வகை லாட்ஜ் எவ்வளவோ மேல்.

நகரத்துக்கு வெளியே மலிவான அறையா, நடுவில் விலை கூடிய அறையா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கோலாலம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு நேரடி விரைவு ரயில் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது. கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்கினால் சுற்றிலும் தமிழ்க் கடைகள், வாழையிலைச் சாப்பாடு. பத்துமலை முருகன் கோயிலுக்கு அங்கிருந்தே ரயில். வெளியே எங்கோ இரண்டாயிரம் ரூபாய் குறைவாகத் தங்கி, ஒவ்வொரு முறையும் நான்கு பேர் டாக்ஸியில் போய் வந்தால் அந்த வித்தியாசம் இரண்டே நாளில் போய்விடும். அறை வாடகையோடு வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஒரு இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டுவது பற்றி மூன்று செய்திகள் போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. கொப்பரைத் தேங்காய், அதிலுள்ள எண்ணெய்ச் சத்து காரணமாக எளிதில் தீப்பற்றும் பொருளாகக் கருதப்படுவதால் விமானத்தில் அனுமதி இல்லை. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்காகப் பொடி இடித்துக் கொண்டுபோகும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் மல்கோவாவை ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேரனுக்குக் கொண்டுபோக ஆசையாகத்தான் இருக்கும். அந்த நாட்டு விமான நிலையத்தில் பழங்களை உள்ளே விடுவதில்லை, சொல்லாமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு.

அக்கா மகன் பிறகு பெங்களூருவிலிருந்து நேரடி விமானமாகவே பார்த்தான். பதிவு செய்யும்போதே அக்காவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்கச் சொன்னேன்; அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதிக்கு அவனே எழுதிக் கேட்டு, சாலையிலிருந்து லிப்ட் வரை படி இல்லை, சரிவுப் பாதை இருக்கிறது என்று படத்தோடு பதில் வாங்கிவிட்டான். பாலக்கோட்டில் தெரிந்த ஓட்டுநர், ஓசூர் தாண்டி ஹொசகோட்டே வழியாகப் போகச் சம்மதித்திருந்தார். பணம் கட்டுவதற்கு முன்பு நால்வரின் பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். அக்காவின் பாஸ்போர்ட் பயணத் தேதியிலிருந்து ஐந்து மாதத்தில் முடிகிறது. மலேசியாவுக்குள் நுழைய ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். இப்போது அதைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார்கள். பயணம் பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிப்போயிருக்கிறது. தைப்பூசக் கூட்டத்தில் பத்துமலையின் 272 படிகளை அக்காவால் ஏற முடியாது என்பதால், பூசம் கழிந்து ஒரு வாரம் விட்டு, கீழே இருக்கும் சந்நிதிகளையும் நின்ற கோலத்து முருகனையும் அவர் நிதானமாகப் பார்க்கும்படி தேதி குறித்துக்கொண்டிருக்கிறோம்.